மாதாவின் காலடியில் வைத்த கவிதை

ரெண்டு மாசத்துக்கு முந்தி ஒரு புதன்கிழமை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு கடித உறையைத் தபாலில சேர்க்கவேணும். அவ்வளவுதான்.

முன்பள்ளியில நான் படிப்பிக்கிற நாலு வயசுக்காரரிட்டக் குடுத்திருந்தாலும் ஒழுங்காச் செய்திருக்குங்கள். நான்தான் செய்யேல்லை.

விசயம் இதுதான். கிழக்குப் பக்கம் மூண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சின்னப் பெண்ணியப் பதிப்பகம் நடத்தினம். கந்தோர் ஒண்டும் இல்லை, ஒராளின்ர சாப்பாட்டு மேசைதான் பதிப்பகம். பெண்களின்ர கவிதையும் ஓவியமும் சேர்த்து ஒரு தொகுப்புப் போடப் போகினமாம். மூண்டு கவிதை, ஒரு ஓவியம் அனுப்பலாம். கவிதையைக் கையால எழுதவேணும், ஏனெண்டா எழுதினவளின்ர கையெழுத்திலயே அச்சடிக்கப் போகினமாம். வெள்ளிக்கிழமைக்குள்ள தபால் முத்திரை விழவேணும். முன்னம் எங்கயும் வெளிவராததா இருக்கவேணும்.

நான் ஒம்பது வருசமா கவிதை எழுதிறன். எங்க எண்டு கேப்பியள். முன்பள்ளி வரவுப் புத்தகத்தின்ர பின்பக்கத்தில. இதுவரைக்கும் அதைப் படிச்ச ஒரே ஆள், மேற்பார்வைக்கு வந்த ஒரு மிஸ். "இது என்ன பாடம்?" எண்டு கேட்டா. "சுற்றாடல்" எண்டு சொல்லித் தப்பினன்.

அதால இந்தத் தொகுப்பில ஒரு பக்கமாவது என்ர பக்கமா வந்திடவேணும் எண்டு எனக்குச் சரியான ஆசை. சாப்பாடு இறங்காத ஆசை!

ஆனா வீட்டில ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. ஏனெண்டா முதற் கவிதையே வீட்டைப் பற்றித்தான். அதுக்கெண்டு ஒரு புனைபெயரும் வைச்சன். அலைமகள். சிரிக்காதேங்கோ. கடல்மகள் எண்டு முகநூலில ஏற்கெனவே ஏழு பேர் இருக்கினம்.

ஓவியமும் கீறினன். ஒரு பெண் சங்கிலியை அறுத்துக்கொண்டு செட்டை விரிச்சுப் பறக்கிறா. யோசனையில நல்லாத்தான் இருந்தது. தாளில வரேக்க செட்டை திருக்கை மீனின்ர செட்டையா வந்திட்டுது, சங்கிலி நங்கூரக் கயிறா வந்திட்டுது. தாழ்வுபாட்டு மீன்பிடிக் கரைக்குக் கலியாணம் கட்டி வந்தவள் வேற எப்பிடிக் கீறுவாள்?

எல்லாத்தையும் ஒரு பெரிய வெள்ளை உறைக்க வைச்சு ஒட்டினன். முகவரி ஃபோனில. ஃபோனில சார்ஜ் இல்லை. சரி, பின்னேரம் முகவரியை எழுதுவம், நாளைக்கு மன்னார் டவுனுக்குப் போய்ப் போடுவம் எண்டு நினைச்சன்.

இந்த இடத்திலதான் என்ர பெண்ணியம் கொஞ்சம் வழுக்கினது.

எங்கட வீடுகளில ஒரு பழக்கம் இருக்கு. முக்கியமான கடுதாசி எதெண்டாலும் மாதா சுரூபத்தின்ர காலடியில வைச்சு எடுக்கிறது. சோதினை அட்மிஷன் கார்ட், படகு லைசன்ஸ், விசாப் போர்ம், ஸ்கான் றிப்போட் எல்லாம் அங்க ஒருக்கா இருந்திட்டுத்தான் படி இறங்கும். ஆண் ஆதிக்கத்தை எதிர்த்து எழுதின கவிதைக்கும் ஒரு ஆசீர்வாதம் இருந்தா என்ன குறைஞ்சு போகும்? அவவும் ஒரு பெண்தானே!

காலமை முன்பள்ளிக்கு வெளிக்கிடேக்க உறையை மாதாவின்ர காலடியில வைச்சன். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிப்போட்டுப் போனன்.

அண்டைக்குப் பெற்றார் கூட்டம். முடிஞ்சு வீட்டை வர நாலரை தாண்டிட்டுது. வந்து பாத்தா மாதா நிக்கிறா. காலடியில ஒண்டும் இல்லை.

மாமியும் இல்லை. மாமி எண்டா என்ர மனுசன் அன்ரனின்ர அம்மா. வீட்டில நாங்கள் மூண்டு பேர்தான்.

பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்கா வேலிக்கு மேலால எட்டிப் பாத்தா.

"மாமியைத் தேடுறியோ? அவ அப்பவே கோயிலுக்குப் போட்டா. இண்டைக்குப் புதன் எல்லோ, நவநாள்."

"அக்கா, மாதாவுக்குக் கீழ ஒரு என்வலப் இருந்தது..."

"ஓமோம், எல்லாத்தையும் எடுத்துப் பையுக்க வைச்சவா. என்ர மன்றாட்டையும் அவவிட்டத்தான் குடுத்துவிட்டனான்."

கூட்டத்துக்குக் கொண்டுபோன பையை வாசலிலயே எறிஞ்சன்.

தெரியாதவைக்குச் சொல்லுறன். புதன்கிழமை நவநாளில கோயிலுக்க மன்றாட்டுப் பெட்டி ஒண்டு வைப்பினம். ஆரெண்டாலும் தங்கட குறையை எழுதி, பேர் போடாமல், உறையில வைச்சு அதுக்க போடலாம். ஒரு சிஸ்டர் அதுகளை ஒவ்வொண்டா உடைச்சு ஒலிபெருக்கியில வாசிப்பா. சனம் சேர்ந்து மன்றாடும். எங்கட ஒழுங்கையில எல்லா வீட்டு உறையையும் சேர்த்துக்கொண்டு போறது என்ர மாமி. எங்கட வீட்டு உறை எங்க இருக்கும்? மாதாவின்ர காலடியில!

இது எனக்குத் தெரியாததோ? ஒம்பது வருசமாத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் புதன்கிழமை பாத்து, பேர் இல்லாத ஒரு வெள்ளை உறையை அங்க வைச்சிருக்கிறன். விசர் எண்டாலும் ஒரு அளவு வேணும்.

சைக்கிளை எடுத்தன்.

கருவாடு காயப்போட்ட பாயளுக்கு நடுவால பறக்கிறன். கோயில் ஒலிபெருக்கி கடற்கரை முழுக்கக் கேக்குது.

"எங்கள் மகனுடைய கனடா விசா தடையின்றிக் கிடைக்க வேண்டுமென்று..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" எண்டுது சனம்.

"பழுதாகிக் கிடக்கும் என்ஜின் திருந்த வேண்டுமென்று..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. என்ர உறை பெரிசு. பெரிசைச் சிஸ்டர் கடைசிக்குத்தான் வைப்பா.

வைக்கேல்லை.

"அடுத்த மன்றாட்டு" எண்டா. தாள் பிரிக்கிற சத்தம் மட்டும். பிறகு, அதே மன்றாட்டு ராகத்தில, நிறுத்தி நிறுத்தி:

"இந்த வீட்டில் ஐந்து கதிரைகள். ஒன்று அவருக்கு."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

"ஒன்று அவருடைய அம்மாவுக்கு."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

பிரேக்கைப் பிடிச்சன். சைக்கிள் நிண்டுது. நான் நிக்கேல்லை. ஆற்றையோ கீரிமீன் கருவாட்டுக்கு மேல போய் இருந்தன்.

"ஒன்று வருகிறவர்களுக்கு. ஒன்று காயாத உடுப்புகளுக்கு. கால் உடைந்த நீலக் கதிரையை வலைநூலால் கட்டி வைத்திருக்கிறோம். அதில் ஏறி நின்று நான் ஒட்டறை அடிக்கிறேன். நான் எங்கே இருப்பேன்?"

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

இந்த முறை சத்தம் கூட. பெண்களின்ர குரல்தான் கூட. கருவாட்டுக்கு மேல இருந்துகொண்டு, ஒரு நிமிசம், எனக்குப் பெருமையா இருந்தது எண்டதையும் மறைக்காமல் சொல்லுறன்.

கோயில் வாசலுக்கு நான் போய்ச் சேர, சிஸ்டர் ஓவியத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா.

"இதோடு ஒரு படமும் இணைக்கப்பட்டிருக்கிறது."

முன் வாங்கு வரிசையில இருந்தவை கண்ணைச் சுருக்கிப் பாத்தினம். செட்டையைக் கண்டு காவல் சம்மனசு, அதுதான் தேவதூதர், எண்டு நினைச்சு ஒராள் சிலுவை அடையாளம் போட, மற்றவையும் போட்டினம்.

மூண்டாம் வாங்கில இருந்து மாமி திரும்பி என்னைப் பாத்தா. அந்த நீலக் கதிரைக்கு வலைநூல் சுத்தினது மாமி தன்ர கையால. ஊருக்குள்ள அப்பிடிக் கதிரை வேற ஒருத்தரிட்டயும் இல்லை. அலைமகள் எண்ட பேரைச் சிஸ்டர் வாசிக்கேல்லை. வாசிக்கத் தேவையும் இருக்கேல்லை.

பூசை முடிய சிஸ்டரிட்ட ஓடினன்.

"சிஸ்டர், அந்தப் பெரிய உறை தவறுதலா வந்திட்டுது. திருப்பித் தருவீங்களோ?"

"மாதாவுக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கிறதோ பிள்ளை?"

"குடுக்கேல்லை சிஸ்டர். காட்டினனான்."

"பீடத்தில வைச்சாச்சு. மாச முடிவில எல்லாத்தையும் சேர்த்து எரிக்கிறது. ஆற்ற கண்ணிலயும் படக்கூடாது எல்லோ?"

கடற்கரை முழுக்கக் கேட்டாச்சு. இனி ஆற்ற கண்ணிலயும் படக்கூடாதாம்!

நான் திரும்ப, சிஸ்டர் மெல்லமாக் கூப்பிட்டா. "பிள்ளை, வாசிச்சது நல்லாயிருந்தது. உள்ளுக்க கடலைப் பற்றியும் ஒண்டு இருந்தது, அதை வாசிக்கேல்லை. கொஞ்சம் நீட்டுத்தான், என்ன?"

ஒம்பது வருசத்தில எனக்குக் கிடைச்ச முதல் விமர்சனம்.

வீட்டை வந்தா அன்ரன் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறார். மனுசன் கடற்கரை வாடியில கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டு இருந்தவர். ஒலிபெருக்கி அங்கயும் கேக்கும்.

"இஞ்சேர், அந்த 'அவர்' ஆர்?"

"அது ஒருத்தரும் இல்லை. பொதுவா ஆண் சமூகம்."

"ஆண் சமூகம் ஏன் எங்கட நீலக் கதிரையை வைச்சிருக்கு?"

நான் குசினிப் பக்கம் திரும்பினன்.

"வாடியில எல்லாரும் எழும்பி எனக்கு இடம் விடுறாங்கள். 'இரும் அன்ரன், நீர் இருந்து பழகின ஆள்' எண்டுறாங்கள்."

சிரிப்பு வந்திட்டுது. அடக்கிக்கொண்டன். மாமி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. மாமி பேசினாப் பயமில்லை. பேசாட்டித்தான் பயம்.

வியாழக்கிழமை லீவு போட்டன். மூண்டு கவிதையும் திரும்ப எழுதி, படத்தையும் திரும்பக் கீறவேணும். வெள்ளி காலமை டவுன். நேரம் காணும் எண்டு நினைச்சன்.

எட்டு மணிக்கு மெற்றில்டா அக்கா ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரையோட வந்தா.

"என்னட்ட மேலதிகமாக் கிடக்கு பிள்ளை. வெக்கப்படாத."

"அக்கா, அது மன்றாட்டு இல்லை. கவிதை."

"ஓமோம்" எண்டு என்ர முதுகைத் தடவினா. "ஆருக்குத்தான் நேர கேக்க வாய் வரும்?"

ஒம்பது மணிக்கு மாதர் சங்கத்தில இருந்து ரெண்டு கதிரை. பத்துக்குக் கோயில் உதவிக் குழு, ஒரு கதிரையும் ஒரு போர்முமா. "வீட்டில எத்தினை பேர்? கதிரை எத்தினை? அதில பாவிக்கக்கூடியது எத்தினை?" பத்தரைக்குப் பங்குச் சுவாமி ஓட்டோவில ரெண்டு கதிரை அனுப்பியிருந்தார். முதுகில 'பங்கு மண்டபம்' எண்டு பெயின்ரால எழுதிக் கிடந்தது.

கவிதை, கவிதை எண்டு ஒவ்வொருத்தருக்கும் சொன்னன். ஒருத்தரும் நம்பினம் இல்லை. கதிரை இல்லாததை விடக் கவிதை எழுதிறதுதான் அவைக்குப் பெரிய வெக்கமாத் தெரிஞ்சிருக்கும்.

கொண்டுவந்தவை குடுத்திட்டு உடன போவினமோ? அந்தந்தக் கதிரையிலயே இருந்தினம். பதினொரு மணிக்கு எங்கட வீட்டில பழசும் புதுசுமாப் பதினொரு கதிரை. பதினொண்டிலயும் ஆக்கள். நான் குசினிக்க நிண்டு தேத்தண்ணி ஊத்திறன்.

ஊத்தேக்க எனக்கு இன்னொரு பயம் பிடிச்சுது. முன்னம் எங்கயும் வெளிவராததா இருக்கவேணுமெல்லோ? பதிப்பகத்துக்கு வட்ஸ்அப்பில கேட்டன்: 'கோயில் ஒலிபெருக்கியில் வாசித்தால் அது வெளியானதாகக் கொள்ளப்படுமா?'

ஒரு பெண் குரலில பதில் வந்தது. முதல் கொஞ்சம் சிரிப்பு. பேந்து, "எத்தினை பேர் கேட்டிருப்பினம்?"

"கோயிலுக்க முந்நூறு பேர் இருக்கும். கடற்கரையில நிண்டவை வேற."

"நாங்கள் நூற்றைம்பது புத்தகம்தான் அடிக்கிறம் தோழி. நீங்கள் எங்களை விடப் பெரிய இடத்தில வெளியிட்டிருக்கிறீங்கள். பறவாயில்லை, அனுப்புங்கோ."

ஆக்கள் எழும்பிப் போக ரெண்டு மணி. இருந்து எழுதினன். முதற் கவிதை வந்தது. ரெண்டாவதும் வந்தது. மூண்டாவது, அதுதான் கடலைப் பற்றின நீட்டுக் கவிதை, ஒரு வரியும் ஞாபகம் வரேல்லை. முதற் பிரதியை வீட்டில ஒருத்தரும் காணக்கூடாது எண்டு நானே வரவுப் புத்தகத்தில இருந்து கிழிச்சு அடுப்பில போட்டனான். எழுதினவளுக்கே ஞாபகம் இல்லை எண்டா அந்தக் கவிதையின்ர தரத்தை நீங்களே யோசிச்சுப் பாருங்கோ.

அப்பதான் மாமி வந்து மேசைக்குப் பக்கத்தில நிண்டா.

"ஏன் பிள்ளை, ஒரு கதிரை எனக்கு எண்டு எழுதியிருக்கிறாய். நான் அதில இருந்து நீ எப்ப கண்டனீ?"

திரும்பி அந்தக் கதிரையைப் பாத்தன். மாமியின்ர கதிரையில எப்பவும் கிடக்கிறது மாமியின்ர கோயில் பையும் குடையும். மாமி மீன் வெட்டுறது கிணத்தடியில குந்தியிருந்து. சாப்பிடுறது குசினி வாசலில நிண்டு.

"கலியாணத்தண்டு கோயில்ல ஒரு கதிரையில இருத்திச்சினம். அதோட சரி. இந்தியாவில அகதி முகாமில தண்ணிக்கு நிண்டன். அரிசிக்கு நிண்டன். பதிவுக்கு நிண்டன். திரும்பி வந்து காணிக்கு நிண்டன், வீட்டுத் திட்டத்துக்கு நிண்டன். ஒருத்தரும் இரு எண்டு சொல்லேல்லை. இப்ப சொன்னாலும் ஏலாது. இருந்தா இடுப்பு நாரி நோகுது. நிண்டாத்தான் சுகமாக் கிடக்கு. நீ என்னடாவெண்டா எனக்கு ஒரு கதிரை குடுத்து வைச்சிருக்கிறாய், பேப்பரில!"

எனக்கு வெக்கமாப் போச்சுது. பகிடிக்குச் சொல்லேல்லை, உண்மையாவே. ஒம்பது வருசம் ஒரே வீட்டில இருந்திருக்கிறன். பக்கத்தில ஒரு மனுசி இருக்கிறாவோ நிக்கிறாவோ எண்டு பாக்காமலே பெண்விடுதலைக் கவிதை எழுதியிருக்கிறன்.

"மன்னியுங்கோ மாமி."

"அதை விடு."

ஆனா எழுதிறவளின்ர புத்தி எங்க போகும்?

"மாமி, நீங்கள் இப்ப சொன்னதை அப்பிடியே அனுப்பட்டோ? ஒரு கவிதை குறையுது."

"அது எங்க கவிதை? நான் உன்னை ஏசினனான்."

"ஓம், அந்தப் பேச்சைத்தான்."

மாமி யோசிச்சா. "அனுப்பு. ஆனா என்ர பேரைப் போட்டு அனுப்பு. உன்னை மாதிரி ஒளிச்சிருந்து கதைக்க எனக்கு ஏலாது."

எழுதினவளின்ர கையெழுத்து வேணுமெண்டு சொன்னவை. அதால பேனையை மாமியிட்டக் குடுத்தன். சுத்தவரப் பதினொரு கதிரை. மாமி ஒண்டிலயும் இருக்கேல்லை. மேசையில குனிஞ்சு, நிண்டபடி, ஒரு மணித்தியாலமா எழுதினா. அடியில 'திரேசம்மா' எண்டு வடிவாப் போட்டா. அதைப் பாத்த பிறகு எனக்கு அலைமகளை வைச்சிருக்க மனம் வரேல்லை. வெட்டிப்போட்டு ஜெனிற்றா எண்டு என்ர பேரைப் போட்டன்.

செட்டைக்காரியைத் திரும்பக் கீற நேரமில்லை. கண்ணுக்கு முன்னால நிண்டதைக் கீறினன். மாமியை. இந்த முறை திருக்கை மாதிரி வரேல்லை.

வெள்ளிக்கிழமை அன்ரன் மோட்டச்சைக்கிளில டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உறையை நான் நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு இருந்தன். டவுன் கிட்ட வரேக்க மனுசன் வேகத்தைக் குறைச்சார்.

பேந்து, "என்னையும் ஒரு கவிதையில நல்ல மாதிரி எழுதலாம்தானே?" எண்டார்.

"எழுதலாம். நீங்கள் நல்ல மாதிரி ஏதும் செய்யுங்கோ, எழுதுறன்."

தபால் கந்தோரில முத்திரை விழுற சத்தத்தைக் காதால கேட்ட பிறகுதான் வெளியில வந்தன்.

கதிரையளைத் திருப்பிக் குடுக்கப் போனா ஒருத்தரும் வாங்கினம் இல்லை. மன்றாட்டுக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்கினா மாதா கோவிப்பாவாம். சுவாமி மட்டும் மண்டபத்தில ஒரு கலியாணம் எண்டு ஆளனுப்பித் தன்ர ரெண்டையும் எடுப்பிச்சார்.

போன கிழமை பதிப்பகத்தில இருந்து பதில் வந்தது. மாமி மீன் கழுவிக்கொண்டு நிண்டா. சத்தமா வாசிச்சன்.

திரேசம்மாவின் கவிதை தொகுப்பின் முதற் பக்கத்துக்குத் தெரிவாகியிருக்கிறதாம். ஆசிரியர் குழுவில மூண்டு பேரும் வாசிச்சு அழுதவையாம். ஜெனிற்றாவின்ர ஓவியத்தை அந்தக் கவிதைக்குப் பக்கத்தில சின்னனாப் போடுவினமாம். ஜெனிற்றாவின்ர கவிதைகள் ரெண்டும் இந்த முறை இல்லையாம். தொடர்ந்து எழுதட்டுமாம்.

எனக்குச் சந்தோசம்தான். சத்தியமாச் சந்தோசம். பொறாமையும்தான். ரெண்டும் ஒண்டா வந்ததில என்ர முகம் எப்பிடிப் போச்சுதோ தெரியேல்லை. மாமி கையைத் துடைச்சுக்கொண்டு கிட்ட வந்து, என்ர தலையைத் தடவிச் சொன்னா:

"கவலைப்படாத பிள்ளை. எழுத எழுதத்தான் வரும்."